அம்மா பிழிந்த சட்டை

நான் அம்மாவின் துக்கத்தைத் திருடி மேடையில் ஆடினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டேன் என்று பொய் சொன்னேன்.

முதலில் அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இறால் பிடிக்கப் போனபோது அவனுடைய தோணி வாவியில் கவிழ்ந்தது. அவன் உடலைப் பெரியகல்லாற்றுக் கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அம்மா கத்தவில்லை. அவன் சட்டையைக் கழற்றித் தண்ணீர் போகப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தார்... யாரோ சட்டையை வாங்கிக்கொண்டார்கள். கை மட்டும் நிற்கவில்லை.

அதன்பிறகு சோறு கொதிக்கிற நேரமெல்லாம் அம்மா வெறுங்கையால் எதையோ பிழிவார். கடைசியில் ஒரு உதறல். அவருக்கு வேறு அழுகை இருக்கவில்லை.

நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆடத்தான் தெரியும். சுகந்தி அக்கா வெளிநாட்டில் நடனம் படித்துவிட்டு வந்து, ஆரையம்பதியில் ஒரு பழைய நெல் ஆலையில் எங்கள் குழுவை நடத்துகிறார். அசைவுகளை அவர் சொல்லித் தரமாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார். வலை இழுப்பது, பிள்ளையை இடுப்பு மாற்றுவது... அதை உடைத்து, நீட்டி, ஆட்டமாக்குவார். மற்றவர்களுடையதை எடுத்தார். என்னுடையதை ஒருநாளும் எடுக்கவில்லை. எனக்கு எரிந்தது!

ஒருநாள் அம்மாவின் கையை ஆடிக் காட்டினேன். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இது ஆர்ட அசைவு?" என்று கேட்டார் அக்கா.

"அம்மாட."

"அவவிட்டக் கேட்டயா? கேக்காம நான் எடுக்க மாட்டன்."

"ஓம் அக்கா. ஆடச் சொன்னவ."

எவ்வளவு லேசாக வந்தது! ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார். அதனால்தான்.

அக்கா அந்தக் கையை வைத்தே ஒரு ஆட்டம் அமைத்தார். அக்காவின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் அந்த ஆட்டத்தைச் சொல்லுமளவுக்கு அது பேர் எடுத்தது. கொழும்பில் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு மட்டக்களப்பிலும் போட்டோம். அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசையில் அம்மா... அவருக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஒன்றாக வெறுங்கையைப் பிழிந்தோம். நான் நிறுத்தவில்லை. கைதட்டல் வரும்வரை ஆடினேன்.

பஸ்ஸில் மாமி புகழ்ந்துகொண்டே வந்தார். அழுது அழுது சீலைத் தலைப்பு நனைந்துவிட்டதாம், நான்தான் தோய்த்துத் தர வேண்டுமாம். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் அப்பிடியா மகன் செய்யிறன்? எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

இப்போது அவர் பிழிவதில்லை. சோறு கொதிக்கும்போது கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். தப்பித்தவறி விரல் அசைந்தால், நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறார். பிள்ளையை நினைத்து அழ அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டேன்.

அக்காவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார். மறுபடியும் அதைப் போடச் சொல்லிக் கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது... ஆனாலும் ஒத்திகைக்குப் போகிறேன்.

நேற்று அக்கா என்னை இடையில் நிறுத்தினார். "உன்ட கை முந்தின மாதிரி இல்ல. வீட்ட போய் அம்மாவ ஒருக்கா நல்லாப் பாத்திட்டு வா."

வீட்டில்தான் இருக்கிறேன். சோறு கொதிக்கிறது. அம்மா கைகளைத் தொடைக்குக் கீழே வைத்தபடி அடுப்புக்கு முன்னால் இருக்கிறார்.

அவை வெளியே வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.