துரை துப்பாத கிண்ணம்

வாடிய கொழுந்தின் மணம்... பழுக்கத் தொடங்கிய பேரிக்காயின் மணத்தை ஒத்தது அது. அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்து லிந்துலைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவியாளனாய் நின்ற நாள்கள், நண்பர்களே, அந்த மணத்தோடுதான் விடிந்தன.

கந்தப்பளைத் தேநீர் வெளிர்பொன், பூவாய் மணக்கும். மஸ்கெலியாத் தேநீர் செம்பொன். நாவில் அழுந்தி நிற்கும். செடி ஒன்றுதான்! ஆயினும் மலைக்கு மலை காற்று வேறு, பனி வேறு, சுவையும் வேறு!

எங்கள் தோட்டத்துக்குள்ளேயே எட்டாம் மலை தனிப்பிறவி. உச்சியில் முதுசெடிகள்... விளைச்சலோ சொற்பம். வேரோடு பிடுங்கிவிடத் தோட்ட நிர்வாகியான துரை முடிவு செய்தார். தம் தாய் கொழுந்தெடுத்த அதே நிரையில் பன்னிரண்டு ஆண்டுகள் கொழுந்தெடுத்த லெட்சுமி அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

“தம்பி, எங்க கொழுந்தக் கீழ்மலைக் கொழுந்தோட கொட்டிக் கலந்துடுறீங்க. அப்புறம் எங்க ருசி எப்பிடித் தெரியும்? ஒருநாளைக்குத் தனியா அரைச்சுத் தொரைக்குக் குடுங்க.”

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயாவிடம் மன்றாடினேன்.

“ஒன் பேச்சுக்காகச் செய்யிறேன். தொரை ஏசினா நீயே மேடை போட்டுப் பதில் சொல்லு!” என்றார்.

மாசி மாதத்து வறண்ட காற்று வீசிய நாளில் அரைத்தோம். மறுநாட்காலை, மேசையில் ஐந்து வெள்ளைக் கிண்ணங்கள். துரை உறிஞ்சினார், நாவில் சுழற்றினார், துப்பினார். சுவை பார்ப்போர் முறை அது. நான்கு கிண்ணங்கள் முடிந்தன.

ஐந்தாவதை உறிஞ்சினார். சுழற்றினார்...

துப்பவில்லை. விழுங்கினார்!

“இது எந்த மலை?”

“எட்டாம் மலைங்க, தொரை.”

கிண்ணத்தைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: “புடுங்க வேணாம்.”

சாடியில் எஞ்சியதை ஏந்திக்கொண்டு மலையேறி ஓடி, சேதி சொல்லி அக்காவிடம் நீட்டினேன். கப்பலேறும் தேயிலை அது. பறித்த கைக்குக் கிடைத்ததோ என்றும் கழிவுத்தூள்! அக்கா ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார்.

“என்னா தம்பி, வெந்நி மாதிரி இருக்கு! சீனியும் இல்ல. இதுக்கா தொரை மயங்கிட்டாரு?”

சுற்றிநின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் முதுகுக்கூடைகள் குலுங்கின. அக்காவும் சிரித்தார்... சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று கடையில் வாங்கும் பொதியில் எல்லா மலைகளும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. எப்போதேனும் ஒற்றைத் தோட்டத்துத் தேயிலை கைக்கு எட்டுகிறது. அதைச் சீனியின்றி அருந்துவதே முறை என்பர். அறிவேன்!

ஆயினும், முதற்கிண்ணத்தில் இரண்டு கரண்டி சீனி இடுகிறேன்.

அது லெட்சுமி அக்காவுக்கு.