மூன்று தரம் கேட்ட மன்னிப்பு

பிராங்க்ஸில் 'டெலி' என்கிற ஒரு யூத உணவுக் கடையில் பதினெட்டு வருஷமாக பாஸ்ட்ராமி இறைச்சி சீவுகிறவன் கெட்ஸல். யாரிடமும் வாய் கொடுக்காத மனிதன். கொடுத்திருந்தால் ஒருவேளை உருப்பட்டிருப்பான். ஜன்னலோரம் இருந்த தன் இடத்தை, போலந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுப்படிப் புழுக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அதற்காகத்தான் மனைவியின் தம்பி ஃபைவல், லினோலியம் தரைவிரிப்பு விற்கிற வாயாடி, கெட்ஸலின் மகள் ஷெர்லியின் பிறந்தநாள் விருந்தில் எல்லார் காதிலும் விழச் சொன்னான்: "எங்க அத்தான் ஒரு ஷ்மக்!"

ஷெர்லி கலகலவென்று சிரித்துவிட்டாள். பதினைந்து வயது, அவளுக்கு அது தெருவில் அடிபடுகிற ஆங்கில வார்த்தை, ஏமாந்த சோணகிரி என்று அர்த்தம். கெட்ஸல் வளர்ந்த, யிட்டிஷ் மொழி பேசுகிற வீட்டிலோ அது ஆணின் மறைவிடத்தைச் சொல்லும் கெட்ட வார்த்தை. பெண்கள் முன்னால் சொன்னால் பல் உடையும். ஃபைவல் தெரிந்தேதான் சொன்னான், படுபாவி. ஆனால் கெட்ஸலைச் சுட்டது மகள் சிரித்ததுதான். அன்றே அவளுக்கு அர்த்தத்தைச் சொன்னான். முகம் சிவந்து உள்ளே போனவள், அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அவளும் தன்னை அப்படித்தான் நினைக்கிறாளோ என்று அவன் மருகிக்கொண்டே இருந்தான்.

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் வந்தது. நோன்பு அன்று சாயங்காலம் தொடங்க வேண்டும். மனிதனுக்குச் செய்த தப்பை அதற்குள் அவனிடமே மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாட்சி வைத்து மூன்று தரம் கேட்டும் மறுத்தால், பாவம் மறுத்தவன் தலைக்குப் போய்விடும். கடையின் மதியக் கூட்டத்துக்குள் சாட்சிக்கு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஃபைவல் நுழைந்தான். ரொட்டி வாங்க ஷெர்லியும் வரிசையில் நின்றிருந்தாள்.

"அத்தான், மன்னிச்சிடுங்க. ஒண்ணு!"

"எதுக்குன்னு சொல்லுடா."

"மன்னிச்சிடுங்க. ரெண்டு!" விரலை மடக்கினான்.

"என்னடா, விளையாடுறியா?" கெட்ஸல் கத்தியைப் பலகையில் வைத்தான்.

"மன்னிச்சிடுங்க. மூணு! பாத்தீங்களாய்யா? என் கடமை முடிஞ்சுது, இனி பாவம் அவர் தலையில. நான் சொல்லல? ஷ்மக்னா ஷ்மக்தான்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. கெட்ஸல் மகளை மட்டும் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு வந்து மாமாவின் கோட்டைப் பிடித்தாள்.

"மாமா, இப்ப மறுபடியும் சொல்லிட்டீங்க. அதுக்குத் தனியா மன்னிப்புக் கேக்கணும். சாட்சியும் இங்கயே இருக்காங்க. அந்த வார்த்தைக்கு நம்ம வீட்டுல என்ன அர்த்தம்னு உரக்கச் சொல்லிட்டு, ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க."

ஃபைவல் திரும்பிப் பார்த்தான். வரிசையில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

"சொல்லுங்க மாமா. எங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு."