சரியாகாத வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குப் பிரசங்கம் வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழுது பார்த்த மெஷினை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்காமல் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்பமாட்டார். அந்த முக்கால் மணி நேரம் சும்மா உட்காருவானேன் என்று, வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசிப்பார். மெஷின் நின்றதும் இவரும் நிறுத்திவிடுவார்.

அப்படி வாசித்த ஒரு வீட்டில் மட்டும் வாராவாரம் இருபது பேர் கூடத் தொடங்கினார்கள். சேதி தலைமைச் சபைக்கு எட்டியது. சபை வளர்ச்சிப் பயிற்சியாளர் நோட்டும் கையுமாக அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை வீட்ல வாசிச்சிருப்பீங்கண்ணே?"

"இருநூறு இருக்கும்."

"மத்த வீட்லயெல்லாம் ஒரு தடவையோட நின்னுபோச்சு. இங்க மட்டும் மூணு வருஷமா வளருது. அப்படி என்ன முறைய மாத்துனீங்க? சொன்னீங்கன்னா எல்லாச் சபைக்கும் அனுப்பிடலாம்."

மூலையில் குலுங்கிக்கொண்டிருந்த மெஷினை மெக்கானிக் பார்த்தார். மூன்று வருடமாக வாராவாரம் பழுதாகி அவரை வரவழைத்து, மானத்தை வாங்குகிற மெஷின் அது.

"முறையெல்லாம் ஒண்ணுதான் தம்பி. இத மட்டும் என்னால சரி பண்ண முடியல."

பயிற்சியாளர் அதை எழுதிக்கொண்டு, அடியில் இரண்டு கோடு போட்டார்.