இருபத்தைந்தாம் கட்டம்

திருத்தணி கிளை நூலகத்தில் நிலைகொள்ளாமல் நிற்கிறேன். அரக்கோணம் பஸ் எந்த நிமிஷமும் வந்துவிடும். நூலகங்களில் விளையாட்டு மேசை போடச் சொல்லி ஊர் ஊராக அலைகிறவன் நான். அட்டையில் நானே வரைந்த மலையேறும் ஆட்டத்தை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அதைப் புத்தகமாகவே பதிவு செய்கிறார். எல்லாப் புத்தகத்திலும் இருபத்தைந்தாம் பக்கத்தில் முத்திரை குத்துகிறவர், இதில் இருபத்தைந்தாம் கட்டத்தில் ஓங்கிக் குத்துகிறார். பார்த்துப் பார்த்து வரைந்த மலைப்படி ஊதா மையில் மறைந்துபோகிறது.

"பாழாக்கிட்டீங்களே" என்கிறேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த நெசவாளர் ஒருவர் எழுந்து வருகிறார். "இருக்கட்டும் சார். சீல் மேல வந்து நிக்கிறவன் ஒரு சுத்து வாய் தொறக்கக் கூடாதுன்னு வச்சுக்கலாம். லைப்ரரிதானே?"

"ஆங், அதுவே சட்டம்" என்கிறார் நூலகர். "ஆடிக்கினு இருந்தாலும் சத்தம் வராது."

நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். தோள் பையை இறக்காமலே நானும் ஆடுகிறேன். பகடை உருண்டு, என் காய் முத்திரை மேல் போய் நிற்கிறது. வெளியே ஹாரன் சத்தம்.

"உங்க பஸ்ஸா சார் அது?" என்கிறார் நெசவாளர்.

நான் வாயைத் திறக்கவில்லை.