சோம்பேறி மரத்தின் விதை

வனத்துறை நாற்றங்காலில் எல்லோரும் அவளைக் குச்சியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. முழங்கால் உயரத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சி எப்போதும் அவள் கையில் இருக்கும். ஐந்தாம் மாதம் கன்றுகளின் ஓரமாக அதை நிறுத்திப் பார்ப்பாள். கோட்டைத் தாண்டிய கன்று மலைக்குப் போகும். தாண்டாதது பின்பக்கக் குழிக்குப் போகும். இதுதான் தரம் பிரிக்கிற வேலை.

பத்தொன்பது வயதில் அவள் சேர்ந்தபோது பாத்திகளில் ஏழெட்டு வகைக் கன்றுகள் இருந்தன. வேலையாட்கள் அவற்றுக்குத் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். விறுவிறுவென்று வளர்வது ஓட்டக்காரன். வருஷம் முழுக்க நான்கு இலையோடு உட்கார்ந்திருப்பது சோம்பேறி. ஐந்தே மாதத்தில் எந்தச் சோம்பேறியால் முழங்காலைத் தொட முடியும்? அவள் சோம்பேறிகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் குழியில் போட்டாள். நான்கு வருஷம் இப்படிப் போனதும், குழிக்குப் போகிற கன்றுக்கு விதை எதற்கு என்று மேலிடம் மற்ற வகைகளையே நிறுத்திவிட்டது. பிறகு அவள் விதைக் கிடங்குப் பொறுப்புக்கு உயர்ந்தாள். அப்போது அங்கே ஓட்டக்காரனின் மூட்டைகள் மட்டும்தான் இருந்தன.

அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள் அவள். அவளே ஒழுங்காக வேலை செய்யாத கழுதையாக இருந்திருந்தால் அந்த மலைக்கு நல்லதாகப் போயிருக்கும்.

முப்பது வருஷம் மலை பச்சைப் பசேலென்றுதான் இருந்தது. வருகிற அதிகாரிகள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. மூன்றாம் கோடையில் பட்டைவண்டு வந்தது. ஒரு மரத்தைத் தின்று முடித்த வண்டு தலையைத் தூக்கினால் பக்கத்திலும் அதே மரம், அதற்குப் பக்கத்திலும் அதே மரம். பந்தி போட்ட மாதிரி ஆகிவிட்டது அதற்கு. நாற்றங்கால் வாசலில் நின்று பார்த்தால் ஒரு நாள் கண்ட பழுப்புத் திட்டு ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகியிருக்கும். கோடை முடிவதற்குள் மலை முழுக்க விறகாக நின்றது.

ஒரு பள்ளத்தாக்கு மட்டும் தப்பியது. சரிவு அதிகம் என்று அங்கே யாரும் கன்று நடவில்லை. பழைய மரங்கள் பத்துப் பன்னிரண்டு வகை கலந்து நின்றன. அவற்றின் சுற்றளவை நாடா பிடித்து அளப்பதற்கென்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருத்தி வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். வேலையாட்கள் வாயில் அவள் நாடாக்காரி. குச்சியக்காவோடு உட்கார்ந்து டீ குடிக்காமல் மலையேற மாட்டாள்.

"பள்ளத்துல இருக்கிற ஓட்டக்காரன்கூட பெருசா சாகலக்கா," என்றாள் அவள் அந்த முறை.

"அது வேற ஜாதியா இருக்கும்."

"அதே மரந்தான். பக்கத்துல நிக்கிறவங்கதான் வேற. ஒண்ணு ஆழத்துல தண்ணி குடிக்குது, ஒண்ணு மேலாப்புல குடிக்குது. வெயில் ஏறுனா ஒண்ணு மொதல்லயே இலையக் கொட்டிட்டு சும்மா நிக்குது, அது குடிக்காத தண்ணி மத்ததுக்கு ஆகுது. வண்டும் தன் மரத்தத் தேடி அலையணும். அலையறதுக்குள்ள பாதி செத்துடும்."

"அந்த ஆழத்துல குடிக்கிறது எது?"

"நீங்க சோம்பேறின்னு சொல்வீங்களே, அது. மொத ரெண்டு வருஷம் வேரத்தான் எறக்கும். மேல வளராது."

குச்சியக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டையும் அவள் திறக்கவில்லை.

வீட்டில் அவள் புருஷனுக்கு விஷயம் தெரிந்தது. முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்ந்த மனுஷர். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார்.

"மலை செத்ததுக்கு உன்னப் புடிச்சு உள்ள போடப் போறாங்களா? வா, சாப்பிடு."

"வருஷத்துக்கு ஆறாயிரம் கன்னுங்க. என் கையால பிடுங்கிப் போட்டேன்."

"மேல இருந்து சொன்னாங்க, செஞ்ச."

"சொன்னவங்க எல்லாம் மாறிப் போயிட்டாங்க. நான் இங்கதான இருக்கேன்."

அவர் சோற்றைப் பிசைந்து அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்த வருஷமே பள்ளத்தாக்கில் சோம்பேறி காய்த்தது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அது காய்க்கும். மிஞ்சி நின்றவை ஒன்பதே மரங்கள். குச்சியக்காவுக்கு வேலை இன்னும் பதினோரு மாதம்தான். மறு காய்ப்புக்கு அவள் இங்கே இருக்கப் போவதில்லை, அந்த ஒன்பதும் இருக்குமா என்று நாடாக்காரிக்கே நிச்சயமில்லை. குழியில் போட்ட கன்றுகளைத் திருப்பித் தர அவளுக்கு இருந்த வாய்ப்பு இந்த ஒன்றுதான். நாற்றங்கால் அதிகாரியிடம் போய் நின்றாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் கேட்ட முதல் காரியம் அது.

"நாலாயிரம் கன்னுப் பை சோம்பேறிக்கு விடுங்க சார்."

"விதை இருந்தா போடுங்க. பை காலியா கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்," என்றார் அவர்.

ஒன்பது நாள் அவள் பள்ளத்தில் இறங்கி ஏறினாள். முட்டி வலியில் உயிர் போயிற்று. புருஷனும் சாக்கோடு கூடவே வந்தார். உதிர்ந்த விதையை ஒன்று விடாமல் பொறுக்கினார்கள், கல் இடுக்குகளில்கூட விரலை விட்டுத் துழாவினாள். கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் பரப்பி, ஏழு நாள் நல்ல வெயிலில் காயப் போட்டாள். நேரத்துக்கு நேரம் உள்ளங்கையால் புரட்டிவிட்டாள். கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும், அதுதான் அவள் கற்ற பதம். வந்தது. சாம்பல் கலந்து டிரம்மில் மூடி வைத்தாள். மழை தொடங்கியதும் எடுத்து ஒவ்வொரு பையிலும் ஒன்றாக ஊன்றினாள். யாரையும் தொடவிடவில்லை.

இருபது நாள் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. சோம்பேறிதானே, நேரம் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தாறாம் நாள் நாடாக்காரி நகரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். பைகளைப் பார்த்து முதலில் அவள் முகம் மலர்ந்தது.

"எப்ப ஊன்னீங்க?"

"மழை விழுந்ததும். அதுக்கு முன்னாடி ஏழு நாள் நல்லா காய வச்சு எடுத்து வச்சிருந்தேன்."

நாடாக்காரி ஒரு பையைக் கிளறி விதையை எடுத்து நகத்தால் பிளந்தாள். உள்ளே பழுப்பாக, உலர்ந்து சுருங்கியிருந்தது. இன்னொன்றைப் பிளந்தாள். இருபது முப்பது பார்த்தபிறகு கையைத் தட்டிக்கொண்டாள்.

"இதக் காய வைக்கவே கூடாதுக்கா. ஈரம் போனா உயிர் போயிடும். விழுந்த வாரமே மண்ணுல போடணும்."

"நீ சொல்லவே இல்லையே."

"உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் நினைக்கவே இல்லக்கா."

எப்படித் தெரியும்? சோம்பேறியைப் பிடுங்கத்தான் அவளுக்குத் தெரியும், அதை ஊன்றியவர்கள் வேறு யாரோ. அவள் விதையைக் கையில் எடுக்கும் காலம் வந்தபோது ஊன்றுவதற்கு ஓட்டக்காரன் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதற்கு வெயில்தான் பதம்.

இருவரும் மறுநாள் பள்ளத்தாக்குக்கு ஓடினார்கள். பொறுக்கியவள் சுத்தமாகப் பொறுக்கியிருந்தாள். தரையில் ஒரு விதை இல்லை. விரல் நுழையாத பாறை வெடிப்பு ஒன்றில் நான்கு முளைகள் மட்டும் நான்கைந்து இலையோடு நின்றன.

"எடுத்துப் பையில வைக்கலாமாக்கா?"

"வேணாம்மா," என்றாள் குச்சியக்கா. "நான் தொட வேணாம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நாலாயிரம் பையையும் தட்டிக் கொட்டச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டுதான் அதிகாரியிடம் போனாள். அவர் திட்டக்கூட இல்லை. மழை போவதற்குள் ஊன்றியாக வேண்டும், அதே பைகளில் ஓட்டக்காரனைப் போட்டுவிடுங்கள் என்றார். அதைப் போட்ட மலை கண்ணெதிரே விறகாக நிற்கிறதே சார் என்று அவள் சொன்னாள். வேறு என்ன விதை இருக்கிறது உங்களிடம் என்று அவர் கேட்டார்.

கிடங்கிலிருந்து ஓட்டக்காரன் மூட்டையை அவளே இழுத்து வந்து அவிழ்த்தாள். செத்த விதைக்கு மேலேயே உயிருள்ளதை ஊன்றினாள். எட்டாம் நாள் நாலாயிரம் பையிலும் ஒன்றுபோல முளைத்தது, ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. அதிகாரி பாத்திக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க கைராசி வேற யாருக்கும் வராதுக்கா."

"தண்ணி ஊத்தணும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் பூவாளியை எடுக்கப் போனாள்.