சூடு ஏறாத பிரேக்

அறந்தாங்கியில் சூசைராஜ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சத்தக் கார் சூசை' என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். சார்ஜாவில் ஒன்பது வருஷம் ரேஸ் கார் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவன். மற்றவர்கள் அங்கிருந்து தங்கமும் டிவியுமாக வந்து இறங்க, இந்த மனுஷன் இன்ஜினுக்கு வேகம் கூட்டுகிற பழைய டர்போ ஒன்றைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டது. பெண் கொடுக்க வந்தவர்கள் ஷெட்டுக்குள் கேட்ட சத்தத்தில் காபி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கி, டர்போவை அதில் மாட்டி, பஸ் ஸ்டாண்டையே அதிரவிட்டான்.

அவனுக்கு வாய்த்த எதிராளி மணமேல்குடி ரகுநாத். இறால் பண்ணைக்காரன், வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். எதிராளி என்று பேருக்குத்தான் சொல்கிறேன். சூசைக்கு டைபாய்டு வந்து படுத்தபோது பத்து நாளும் கஞ்சி கொண்டுவந்தவன் ரகுதான். ஆனால் கார் பேச்சு வந்துவிட்டால் போச்சு, எலியும் பூனையும்தான்.

"ட்ராக்ல ஓடுற வண்டி ரோட்டுக்கு ஆவாது மாப்ள. அங்க மாடு வருமா, மினி பஸ் வருமா? அது வேற, இது வேற" என்பான் ரகு.

"வண்டின்னா ஒண்ணுதான்டா. அங்க ஜெயிக்கிறது இங்கயும் ஜெயிக்கும். ஒனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லு" என்பான் சூசை.

இந்த வீம்புக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சட்டம் வேறு போட்டு வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருதரம் கோயம்புத்தூர் ட்ராக்கில் பந்தயம். வண்டியை லாரியில் ஏற்றக்கூடாது. போகும்போதும் வரும்போதும் ஓட்டித்தான் ஆகணும், நடுவில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக்கூடாது. மறுநாள் காலையில் தோற்றவன் ஜெயித்தவனின் வண்டியைத் தனியாக ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, அய்யப்பன் டீக்கடையில் நாலு பேர் முன்னால் அதைப் பாராட்டணும். மூன்று வருஷமாகப் பாராட்டியது யார்? சூசையேதான். வயிறு எரிய எரிய, பல்லைக் காட்டிக்கொண்டு பாராட்டினான்.

நாலாவது வருஷம் அவனால் பொறுக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் யாருக்கும் தெரியாமல் நாலு சக்கரத்திலும் ரேஸ் பேட் மாட்டினான். நம் வண்டிகளில் இருக்கிற பிரேக் பேட் மிதித்ததும் பிடிக்கும். ரேஸ் பேட் அப்படியில்லை. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், பிடித்தால் உடும்புப்பிடி. ஜில்லென்று இருக்கும்போது மிதித்தால் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ட்ராக்கில் அது சூடேறி வேலை செய்தது. முக்கால் செகண்டில் சூசை ஜெயித்தான். ட்ராக்கென்றும் பார்க்காமல் மண்ணில் விழுந்து கும்பிட்டான், பைத்தியக்காரன்.

திரும்பி வரும் வழியெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டே வந்தான். அப்படியும் திருச்சிப் பக்கம் டீக்குடிக்க நிறுத்திக் கிளம்பியதும் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரியின் பின்னால் போய் மோதப் பார்த்தான். ஆகவே அவனுக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு ரகு சிரித்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, பிரேக் ஜில்லென்று கிடக்கிறது.

"சாவியக் குடு மாப்ள. ஒன் ராசாத்திய ஒரு நடை ஓட்டிட்டு வாரேன்."

சூசை வாயைத் திறந்தான். 'சூடேறாம பிரேக் பிடிக்காது.' சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகும்? இந்த வண்டி ரோட்டுக்கு ஆகாது என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். மூன்று வருஷம் தோற்றுப் பெற்ற வெற்றி டீக்கடைவரைகூடப் போகாது. சொல்ல வந்ததை மென்று விழுங்கினான். சாவியை ரகுவின் கையில் வைத்து, "பாத்துப் போ" என்றான். அதை யார்தான் யாருக்குச் சொல்லுவதில்லை!

நாகுடி ரோட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் சந்திலிருந்து ரிவர்ஸில் வந்தது. ரகு பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. வேனுக்குள் பிள்ளைகள். ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் விட்டான். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ரகுவின் இடது காலைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மோதின வண்டியைச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெடலை அமுக்கிப் பார்த்து, பிரேக்கில் கோளாறில்லை என்று எழுதிக்கொண்டு போனது. பொய்யும் இல்லை. கோளாறு இருந்த இடத்தை எந்த ஆபீசர் வந்து அமுக்கிப் பார்ப்பது?

சூசை தூங்குவதை விட்டான், சோற்றை விட்டான், ஷெட்டைப் பூட்டினான். தினமும் ரகு வீட்டுக்குப் போவான், தூக்கி உட்கார வைப்பான், முதுகைத் துடைத்துவிடுவான். "கூடப் பொறந்ததுகூட இப்படிப் பாக்காதுண்ணே" என்று ரகு பொண்டாட்டி சுகுணா கண் கலங்குவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும் அவனுக்கு.

மூன்றாம் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகு டீக்கடை அய்யப்பனையும் இன்னும் மூன்று பேரையும் வீட்டுக்கு வரச்சொன்னான். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பாக்கி ஒண்ணு இருக்குப்பா. தோத்தவன் பாராட்டணும்ல? இவன் வண்டி மாதிரி வண்டி கெடையாது. ட்ராக்குக்கும் அதான், ரோட்டுக்கும் அதான். நான் இத்தன வருசம் சொன்னது தப்பு. அன்னைக்கி வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, மிதிக்க வேண்டிய நேரத்துல என் காலுதான் பிந்திருச்சு. ஒன் வண்டிய நொறுக்கிட்டேன், மன்னிச்சிருடா மாப்ள."

சூசைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நாலு பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ரேஸ் பேட்டிலிருந்து, திருச்சி லாரியிலிருந்து, சாவி கொடுத்த நிமிஷம்வரை ஒன்றுவிடாமல் கொட்டினான். "தெரிஞ்சேதான்டா சொல்லல. தோத்த மாதிரி ஆயிருமேன்னுதான் சொல்லல" என்று ஓவென்று அழுதான்.

சுகுணா சுவரோடு சாய்ந்துவிட்டாள். அய்யப்பன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மெல்ல வெளியே போனார். ரகு போர்வையில் கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த பக்கத்தைக் கையால் தடவினான்.

"நானா தேடிக்கிட்டதுன்னு நெனச்சேன் சூசை. என் கையால போனதுன்னா பொறுத்துக்கலாம்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். ஒன்கிட்ட தோத்ததுகூட சந்தோசமாத்தான்டா இருந்துச்சு" என்றான். "அதையும் எடுத்துக்கிட்டியே."

அவன் 'மாப்ள' என்று கூப்பிடவில்லை என்பது சூசைக்குத் தெருவில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.