கேத வீட்டில் சொன்ன வார்த்தை

காளவாசல் ஜவுளிக்கடையில் ஒரு சேலையை விரித்ததும் அந்துருண்டை வாசம் அடித்தது. உடம்பெல்லாம் கூசிப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன். பழங்காநத்தத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிற இடத்தில் முன்பு ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. ஒரு வீட்டின் முன்னறைதான் அது, பழுப்பு அட்டை போட்ட புத்தகங்களுக்கு நடுவே அந்துருண்டை மணக்க, அதை நடத்திய மாமா, உள்ளே அம்மியில் அரைக்கும் அத்தைக்குக் கேட்கும்படி எதையாவது உரக்க வாசித்துக்கொண்டே இருப்பார். அங்கே எடுத்த சிறுவர் நாவலில்தான் புரவி, அகழி, பாசறை எல்லாம் எனக்குக் கிடைத்தன. அதில் வீரர்கள் கிளம்பும்போது ‘விடைபெறுகிறேன்’ என்பார்கள். அரசி ‘விடை தந்தேன்’ என்பாள். அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க ஓர் இடம் கிடைக்காதா என்று வாயிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மாமா இறந்த அன்று அம்மாவோடு போனேன். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அத்தையின் முன்னால் நின்று கைகூப்பி, "விடைபெறுகிறேன்" என்றேன்.

ஒப்பாரி நின்றுவிட்டது.

"யாரு பெத்த பிள்ளடி இது, இம்புட்டு விவரங்கெட்டு?" என்றாள் ஒருத்தி. அம்மா என் தலையில் நறுக்கென்று கொட்டினாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்து, "விடை தந்தேன்" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

புருஷன் கிடக்கையில சிரிச்சவ என்று, அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகும், அந்தத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள்.